லொறி வந்து நின்ற வீடு

கன்டீன் வேலையில் முதலில் தேய்வது பாதம், அடுத்தது நாங்கள் படித்த படிப்பு. நாள் முழுக்க நின்று உழைத்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கலைமாணிப் பட்டத்தோடு வந்த நான், டென்மார்க்கில் ஸ்கீவ நகருக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்னாசியத்தில் கறுப்புப் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். எங்கள் ஏ.எல். வகுப்புகளைப் போன்ற மூன்று வருடப் பள்ளி அது. எங்கள் ஆட்கள் குடும்பத்தை வரவழைக்கப் போட்ட விண்ணப்பங்கள் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம். பள்ளியில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை ஜெசிந்தா. கடைசி வருடம். தகப்பன் அந்தோனி அண்ணைக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. தாய் திரேசக்கா மன்னாரில் மூன்று வருடமாகப் பதிலுக்குக் காத்திருந்தார்.

பழைய மாணவர் விழா

இலையுதிர்காலத்தில் பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வந்து கொண்டாடுவார்கள். கடைசிப் பரீட்சை முடிந்தபோது போட்ட, இப்போது மஞ்சளித்துப்போன வெள்ளைத் தொப்பிகளை அன்றைக்குத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். சேவைக் குழுப் பிள்ளைகள் பரிமாறுவார்கள். அந்த வருடம் ஜெசிந்தாவும் அந்தக் குழுவில் இருந்தாள். ஒரு முதிய பெண்மணி என் கையிலிருந்த தட்டைக் கவனிக்காமல், "நீ எந்த வருடம் படித்து முடித்தாய்?" என்று கேட்டார். டென்மார்க்கில் என்னிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. வருடத்தைச் சொன்னேன். ஊரையும் சொன்னேன்.

பிறகு அவர் ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். இங்கே பரீட்சை முடிந்ததும் வகுப்பு முழுவதும் ஒரு லொறியில் ஏறி, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போகும். ஒரு வீட்டில் இருபது நிமிடம்தான் நிற்கும். "உன் வீட்டில் யார் வரவேற்பார்கள்?" என்று கேட்டார். "அம்மா," என்றாள் ஜெசிந்தா. தட்டை மேசையில் வைத்துவிட்டு, "இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் அம்மாதான்," என்றாள். கிழவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஜூனுக்குள் வரச் சொல்லு, பிள்ளை. அந்த லொறி ஒருமுறைதான் வரும்."

முப்பது பணிஸ்

மாணவர் மன்றம் திரேசக்காவுக்காக அமைச்சுக்குக் கடிதம் எழுத என் கன்டீனில் கூடியது. முதலில் மூன்று பக்கம். சட்டம், மனிதாபிமானம், சர்வதேசம் எல்லாம் அதில் இருந்தன. வாசித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்டினார்கள். இரண்டு மணித்தியாலம் முடிய, கையெழுத்துகளுக்கு மேலே ஒரே வரிதான் மிஞ்சியது: "ஜெசிந்தாவின் அம்மா எங்கே?" கவிதை படித்தவள் நான். அதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை என்று எனக்குப் பட்டது.

கன்டீன் பொறுப்பாளர் இங்கர், இனிப்புப் பாண் பணிஸ் வைத்திருந்த வெறும் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். "ஒரு வரி எழுத முப்பது பணிஸ் போயிருக்கு. மந்திரி பதில் போடாவிட்டால் பில்லை அவருக்கு அனுப்பு, றாணி."

பென்சில்

ஏப்ரலில் லொறி போகும் பாதைக்கான பட்டியலைக் கன்டீன் சுவரில் ஒட்டினார்கள். இருபத்தாறு பிள்ளைகள் விலாசம் எழுதியிருந்தார்கள். ஜெசிந்தாவின் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. "ஏன் பிள்ளை?" என்றேன். "அம்மா இல்லாத வீட்டுக்கு அவையள் வரவேண்டாம் அன்ரி. அப்பா பாவம், என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிப்பார்."

அடுத்த நாள் பார்க்கிறேன், அந்த இடத்தில் விலாசம் இருக்கிறது. கொண்டாட்டக் குழுத் தலைவி மெட்டேயின் சாய்ந்த எழுத்து. "அவள் வேண்டாம் என்றாளே," என்றேன். மெட்டே பாலை உறிஞ்சியபடி சொன்னாள்: "பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அழிக்கிறதென்றால் அவளே வந்து அழிக்கட்டும்."

வரிசை குழம்பிய நாள்

அந்த ஒற்றை வரியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்க, கிடந்த கோப்புகளும் மெல்ல அசைந்தன. மே மாதத்தில் ஒரு மத்தியானம், நூறு பேர் நின்ற சாப்பாட்டு வரிசையை இடித்துக்கொண்டு ஜெசிந்தா ஓடி வந்தாள். "அன்ரி, அம்மாவுக்கு விசா! வாறா, அம்மா வாறா!" முழுத் தமிழ். வரிசை முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. என் கைக் கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

டேனிஷில் சொல்லலாமென்று இங்கரின் பக்கம் திரும்பினேன். அவள் ஏற்கெனவே அலுமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். "மொழிபெயர்க்காதே. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கேக்கை வெட்டு."

இருபது நிமிடம்

லொறி வரும் நாளில் திரேசக்கா டென்மார்க்குக்கு வந்து ஒன்பது நாள். நானும் இங்கரும் சமைக்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். தொப்பியைப் பற்றிச் சொல்லியிருந்தோம், பூ, சாப்பாடு, கைகுலுக்குவது எல்லாம் சொல்லியிருந்தோம். லொறியில் வருவார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஹோர்ன், விசில், பலகையில் அடிக்கிற சத்தம். வாசலில் பிரேக் கிறீச்சிட்டது. திரேசக்கா பாய்ந்துபோய்க் கதவைப் பூட்டினார். "இஞ்சேருங்கோ, லொறி வந்து நிக்குது! பின்னாலை ஓடுங்கோ! பிள்ளை எங்கை, பிள்ளையை ஒளியுங்கோ!" "பள்ளிக்கூடப் பிள்ளையளப்பா," என்று அந்தோனி அண்ணை கெஞ்சினார். திரேசக்கா கேட்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வாசலில் லொறி வந்து நின்றால் மன்னாரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிள்ளைகளைப் பிடிக்க ஆமி வந்திருக்கிறது. எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் சொல்ல மறந்தேன்.

குசினி யன்னலால் மெட்டேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் லொறிப் பக்கம் திரும்பினாள். கையை உயர்த்தினாள். எஞ்சின் நின்றது. விசில்கள் வாயிலிருந்து இறங்கின. பியர் குடித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கி, புல்லில் சத்தமின்றி உட்கார்ந்தார்கள். சாரதி மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழு நிமிடம், எட்டு நிமிடம். பிறகு ஒரு காலடி மட்டும் கேட்டது. "அம்மா, நான்தான். என்ரை தொப்பியைப் பாக்கமாட்டியளே?"

தாழ்ப்பாள் விலகியது. திரேசக்கா மகளைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் புல்லைப் பார்த்தார். அங்கே இருபத்தாறு வெள்ளைத் தொப்பிகள், மூச்சுவிடாமல். "எடி பிள்ளை, இவ்வளவு பேரும் உன்ரை வகுப்பே? முதலே சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு கொத்து அரிசி போட்டிருப்பனே!"

அதற்குப் பிறகு யாரையும் அவர் சாப்பிடாமல் விடவில்லை. ஒரு மணித்தியாலம் கடந்துவிட்டதே என்று சாரதியிடம் நினைவுபடுத்தினேன். அவர் தட்டை மறுபடி நீட்டினார். "அடுத்த வீட்டில் உருளைக்கிழங்குச் சலாது. அது ஏற்கெனவே ஆறினதுதானே, கிடக்கட்டும்."

இந்த ஊர்ப் பிள்ளைகளின் கூச்சலுக்குப் பழக எங்களுக்கு வருடங்கள் எடுத்தன, எங்கள் கறியின் உறைப்புக்குப் பழக அவர்களுக்கு இரண்டு கோப்பை தண்ணீர் போதுமாக இருந்தது.