கோட்டின் கீழ் இரண்டு புள்ளிகள்

பழுப்பேறிய ஒரு துண்டுக் கடிதத்தின் படம். நாலாக மடித்து வைத்திருந்த தடம் தெரிந்தது. மேலே சிங்களத்தில் அச்சிட்ட அலுவலக வாசகம். அதன் கீழே, வந்தவருக்குப் புரியட்டும் என்று நீல மையில் தமிழில் எழுதிய வரி: "தேடிப் பார்த்தோம். ஏடு கிடைக்கவில்லை." பிறகு கையெழுத்து. கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் ஓடி, பெயருக்கு அடியில் படுத்து, இரண்டு புள்ளிகளில் முடிந்தது. கனடாவிலிருந்து மகள் அதைக் கைபேசிக்கு அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள். "அப்பா, இது உங்கட எழுத்துத்தானே?"

சந்தேகப்படுவது என் தொழிலாக இருந்தது. கண்டியில் முப்பது வருடம் பிறப்புப் பதிவுகளைப் பார்த்தவன். மகள் எங்கள் வம்சாவளியை வரைகிறேன் என்று தன் எச்சிலைக் குழாயில் அடைத்து எங்கோ மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். நெருங்கிய சொந்தம் என்று அவர்கள் காட்டியது, தெல்தெனியவில் இருக்கும் புகழ்பெற்ற எழுத்தாளர் அம்மையாரின் மகனை. "நாங்கள் அவவுக்குச் சொந்தம் அப்பா!" என்று போன மாதம் துள்ளினாள். அது ஏமாற்று வியாபாரம், அந்த மகனுக்கு எங்களிடம் ஏதோ வேண்டியிருக்கும் என்றேன். "எச்சிலுக்குமா பொய் சொல்லத் தெரியும்?" என்று சிரித்தாள். அந்த மகன்தான் இப்போது இந்தத் துண்டின் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறான். இம்முறை அவள் சிரிக்கவில்லை.

"படம் தெளிவில்லை, பிள்ளை" என்று வைத்துவிட்டேன். அன்று அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அம்மையார் முதன்முதலில் என் முன்னால் வந்து நின்றபோது தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை. கதைகள் பத்திரிகைகளில் வரத் தொடங்கியிருந்தன. குடையைக் கதிரையில் சாய்த்துவிட்டு, "ஊர்ச்சனங்க கதையெல்லாம் எழுதுறேங்க ஐயா. என் கதைக்கு மொத வரி தெரியல" என்றார். தாய் கொழுந்து பறித்தவர். தகப்பன் யாரென்று சொல்லாமலே இறந்துவிட்டார். வேலைக்குக் கொடுத்த பிறப்புச் சான்றின் குறும்பிரதியில் பெற்றோர் பெயர் இல்லை. முழுப் பதிவு வேண்டும் என்றார்.

பிறப்புப் பதிவு ஏட்டை எடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. தகப்பன் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர். மணமாகாத தாயின் பிள்ளைக்குத் தகப்பன் தானே வந்து ஒப்பமிட்டால்தான் பெயர் ஏறும். அப்பா வந்திருக்கிறார். கோடு, இரண்டு புள்ளி. கலியாணத்துக்கு முன் அவர் அந்தத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் சிறுவயதில் என்னுடையதைப் பழகினேன்.

அப்பா இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய பிலிமத்தலாவை வீடு இன்னும் என் பெயருக்கு மாறவில்லை. இவர் அதில் பங்கு கேட்கத்தான் வந்திருக்கிறார், எல்லாம் தெரிந்துகொண்டே என் முன்னால் நிற்கிறார் என்று நினைத்தேன். அவருடைய பணிவு எனக்கு நடிப்பாகப் பட்டது. ஏட்டைத் தேடுகிறோம், பிறகு வாருங்கள் என்றேன். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை அந்தப் பதிலை எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். துண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரிங்க ஐயா. பாத்துக்கிட்டதே போதும்."

அந்தச் சொல்லை வருடக்கணக்காகச் சந்தேகித்தேன். வக்கீல் கடிதம் வரும் என்று தபால்காரரின் மணிச் சத்தத்துக்குப் பயந்தேன். வரவில்லை. வீடு என் பெயருக்கு மாறியது. மகளின் பாடநூலில் அம்மையாரின் கதை வந்தது. "ஆசிரியர் குறிப்பில தாய் பேர் மட்டும் கிடக்கு அப்பா. தகப்பன் ஆர்?" என்று கேட்டாள். "தெரியாதாக்கும்" என்று அடுத்த கேள்விக்குப் போனேன்.

படம் வந்த ஐந்தாம் நாள் என் பழைய அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன். என்னை அறியாத ஒரு பெண்பிள்ளை பத்து நிமிடத்தில் அந்த ஏட்டுப் பக்கத்தின் பிரதியைத் தந்தாள். தெல்தெனிய பஸ் ஏறினேன்.

அம்மையாருக்கு எண்பதாகிறது. வாசலில் என்னைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை.

"வாங்க ஐயா. ஏடு கெடைச்சிருச்சுங்களா?"

"அது தொலையேல்லை, அக்கா. நான்தான் மறைச்சனான்."

அக்கா என்ற சொல் என் வாயில் புதிதாக இருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டு, நான் நீட்டிய பிரதியில் தகப்பன் பெயர்மேல் விரலை வைத்து, உதடு அசைய இரண்டு முறை வாசித்தார். "அம்மாவுக்கு இவரு எழுதின கடுதாசி ஒண்ணு இருந்துச்சு. பேரு வெளங்காது. கோடும் புள்ளியுந்தான் வெளங்கும். அன்னைக்கு நீங்க ஏடு கெடைக்கலன்னு எழுதி, அதுக்குக் கீழயே பதிலையும் போட்டுக் குடுத்துட்டீங்க."

"ஏன் அப்பவே கேக்கேல்லை?"

"நீங்களா சொல்லணும்ல? அதுக்கு நாப்பது வருசம் ஆகும்னு நெனைக்கல." சிரித்தார். அப்பாவுக்கும் சிரிக்கும்போது இடது கண்தான் முதலில் சுருங்கும்.

துண்டைத் தந்தால் கிழித்துவிடுகிறேன் என்றேன். தரவில்லை. "அவரு போட்ட ஒப்பமும் நீங்க போட்ட ஒப்பமும் ஒண்ணாவே கெடக்கட்டுங்க ஐயா."

அவர் எடுத்து வந்த துண்டையும் ஏட்டுப் பிரதியையும் மேசையில் அருகருகே வைத்துப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். "ஓம், என்ர எழுத்துத்தான்" என்று கீழே எழுதினேன். அவள் பார்த்துவிட்டதற்கான நீலக் குறிகள் விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.