மூன்று மாதம் அசையாதவை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்கும் ஓசை, அறுபது வருடம் கழிந்தும் என் காதில் இருக்கிறது. மண் சரிகிறது, ஓடுங்கள் என்று அதற்கு அர்த்தம். யாரும் விளக்கம் கேட்டதில்லை. எனக்கு வாய்த்த தொழிலோ விளக்கம் எழுதுவது. கையேடு எழுதிப் பிழைக்கும் சக பாவப்பட்டவர்களே, நாம் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று இனி அலுத்துக்கொள்ளாதீர்கள். படிக்கிறவர் வந்துவிட்டார்.

புதிய வாசகர்

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு மருந்துக்கடையின் மாடியிலுள்ள மென்பொருள் அலுவலகத்தில் சேர்ந்தேன். என் பழைய மாணவி ரேணுகா அங்கே நிரல் எழுதுகிறாள். தரவுத்தளத்துக்குள் ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைத்திருக்கும் சின்ன நிரலைப் புரொசீஜர் என்பார்கள். வேண்டாத புரொசீஜர்களை அழிக்கும் கருவி ஒன்றை அவள் செய்திருந்தாள். அதற்கு நான் விளக்கம் எழுத வேண்டும்.

வாக்கியம் வாக்கியமாக ஓசை பார்த்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ரேணுகா சிரித்துவிட்டாள். கருவியை இயக்கப்போவது மனிதர் இல்லையாம். ஏஐ ஏஜென்ட் என்கிற, தானே முடிவெடுத்து வேலை செய்யும் மென்பொருளாம். “அழகா இருக்கு டீச்சர். ஆனா அதுக்கு அழகு வேணாம். நீங்க எழுதுறத அப்படியே நம்பும். கிளாஸ்ல நாங்ககூட உங்கள அவ்வளவு நம்பல.”

எங்கே போயிற்று?

கருவியை ஒரு தரம் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். ரேணுகா சோதனைக்காக ஒரு புரொசீஜரை எழுதி வைத்து, ஏஜென்டிடம் அழிக்கச் சொன்னாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அது இல்லை. நிச்சயமா என்று ஒரு கேள்விகூட இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“எங்கயும் போகல டீச்சர். இல்ல. அவ்வளவுதான்.”

எது வேண்டாதது என்று அதற்கு எப்படித் தெரியும் என்றேன். அதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுங்கள் என்றாள். ‘மூன்று மாதம் ஓடாத புரொசீஜரைப் பயனற்றதாகக் கருதலாம்’ என்று எழுதினேன். நாள்பட உடுத்தாததை வெளியே போட்டு அலமாரி ஒதுக்குகிற புத்தி. அப்போது மார்கழி. தையிலிருந்து சித்திரை வரை இந்த மலையில் மழை குறைவு என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

வராத மெசேஜ்

வைகாசியில் மழை பிடித்துக்கொண்டது. நோட்டன் பிரிட்ஜ் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து பரமேஸ்வரி போன் பண்ணினாள். பிள்ளைக் காம்பரா என்கிற குழந்தைகள் காப்பக அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். தோட்டத்தில் நடக்க முடியாதவர்களின் பட்டியலை எங்கள் தரவுத்தளத்தில் ஏற்றியதும் அவள்தான். பெருமழை பெய்தால், யார் யாரைத் தூக்கி வரவேண்டும் என்று அந்தந்த ஆளுக்கு மெசேஜ் போகும். அதை அனுப்பும் புரொசீஜர் பெருமழையில் மட்டும்தான் ஓடும். இந்தத் தடவை யாருக்கும் மெசேஜ் வரவில்லை என்றாள்.

ரேணுகா கருவியின் பதிவேட்டைத் திறந்தாள். பங்குனியிலேயே ஏஜென்ட் அதை அழித்திருந்தது. காரணம் என்ற இடத்தில் என் வரி, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். போனில் பரமேஸ்வரி கத்திக்கொண்டிருந்தாள்: “எல்லாரும் ஸ்கூலுக்கு வந்துட்டோங்க. மேட்டு லயத்து மாரிமுத்து தாத்தா மட்டும் வரல. மெசேஜ் வேற யாருக்கோ போயிருக்கும்னு ஆளாளுக்கு இருந்துட்டாங்க, டீச்சர்!”

கம்பளியில் வந்தவர்

மாரிமுத்து நாலு வருடமாகப் படுக்கையில் இருந்தவர், தனி ஆள். பரமேஸ்வரியும் இரண்டு பெண்களும் மேடேறி, கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். அதற்குள் அவர் அரை நாள், தண்ணீர் புகுந்த காம்பராவில் நனைந்து கிடந்திருக்கிறார். அவர்கள் இறங்கிய பிறகு அந்தக் காம்பராவின் பின்சுவர் விழுந்தது.

ரேணுகா அன்றைக்கே அந்தப் புரொசீஜரைத் திரும்ப எழுதிவிட்டாள். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தவறு என்னுடையது என்று சொன்னேன். அவருக்கு மூச்சு இரைத்தது. ஏஜென்ட், புரொசீஜர் எதுவும் அவருக்குப் புரியவில்லை. மெசேஜ் மட்டும் புரிந்தது. “மெசேஜ் வரலன்னா என்னாம்மா? ‘கிழவா, இருக்கியா’ன்னு யாராச்சும் ஒரு சத்தம் போட்டிருக்கலாமே.”

என் மூன்று மாத வரியைத் திருத்திவிட்டேன், ஏஜென்ட் அதையும் அப்படியே நம்புகிறது; மாரிமுத்து ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.