மூன்று பத்துக்கு வந்தவள்

இது கதை இல்லை. போன மே மாதம், கானாடுகாத்தானில், எனக்கு நடந்தது. நம்பாதவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. இதை எழுதும்போதும் எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் எனக்கே உறுத்துகிறது.

கணவர் சிங்கப்பூரில். நான் இங்கே ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறேன். அடுத்த தெருவில் தேனம்மை ஆச்சியின் பெரிய வீடு பூட்டியே கிடக்கும். ஆச்சி இருப்பது சென்னையில். வாரம் ஒருமுறை கூட்டிப் பெருக்கச் சாவி என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும், ஆறு வயது சத்தியப்பிரியாவை எங்கே விடுவது? அந்த வீட்டு உள்முற்றத்தில் உட்காரவைத்து, பழைய செல்போனும் முறுக்கும் கொடுத்து, வெளியே பூட்டிவிட்டுப் போனேன். மதியம் ஒன்றரை முதல் மாலை ஆறு வரை. தேக்குக் கதவு, ஒரு சாண் நீளச் சாவி. அதைவிடப் பத்திரமான இடம் ஊரிலேயே கிடையாது என்று நினைத்தேன்.

"என்னடி, பிள்ளைய லாக்கர்ல வச்சுட்டு வந்துட்டியா?" என்பாள் கூட வேலை பார்க்கும் மலையம்மாள்.

"ஆமாக்கா."

இரண்டு பேரும் சிரிப்போம்.

மூன்றாம் நாள் மாலை கதவைத் திறந்தேன். தலைவிரிகோலமாக விட்டுப்போன பிள்ளைக்கு ரெட்டைச் சடை. இறுக்கமாக, நேர் வகிடு எடுத்து. நுனியில் கறுப்பு நூல்.

"யாரு பின்னிவிட்டது?"

"நீதானம்மா."

விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன். மறுநாள் நகம் வெட்டியிருந்தது. அதற்கடுத்த நாள், ஒரு வாரமாக நான் பார்க்காமல் விட்ட முழங்கால் புண்ணில் மஞ்சள்.

"எப்ப போட்ட?"

"மூணு பத்துக்கு வந்தீல்ல, அப்பத்தான் நீ போட்டுவிட்ட."

மூன்று பத்துக்கு நான் விடுதியில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருப்பேன். சாவி என் இடுப்பில் இருக்கும். யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று எனக்குள் என்ன இருந்தது என்று பலமுறை தோண்டிப் பார்த்துவிட்டேன். பயம் இல்லை. அப்பாடா, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நிம்மதிதான் இருந்தது.

மறுநாளும் பூட்டினேன். அதற்கு மறுநாளும்.

ஒன்பதாம் நாள் தூங்கும்போது, பிள்ளை என் கையை விலக்கினாள். "நீ அந்த அம்மா மாதிரி இல்ல," என்றாள்.

பத்தாம் நாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். மணி மூன்று பன்னிரண்டு. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன்.

உள்ளே ஒரு சத்தம்.

சரக்... சரக்...

சீப்பு.

தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிள்ளை எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னால் யாரும் இல்லை.

ஆனால் முடி மட்டும்... யாரோ பிடித்து இழுப்பதுபோல... விறைப்பாக நின்றது.

மூன்று புரியாகப் பிரிந்தது...

பின்னியது...

பிள்ளை திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் தலையைச் சாய்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா... யாரோ வந்திருக்காக."

சரக் சத்தம் நின்றது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். வீடு வரை கத்தினாள். "அம்மாகிட்ட விடுங்க" என்று.

சாவியை ஆச்சிக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். விடுதி வேலையையும் விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஆச்சி போன் செய்தார்.

"காளீஸ்வரி, முத்தத்துல கேமரா வச்சிருக்கோம்ல, ஒனக்குச் சொல்லல. பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறியேன்னு மொதல்ல திட்டத்தான் நெனச்சேன். பெறகு பாத்தா, தெனமும் மூணு பத்துக்கு வந்து பக்கத்துலயே இருந்த. ஒம் முகம் நல்லாத் தெரிஞ்சுச்சு. என்ன பொறுமையாப் பாக்குற பிள்ளைய. மனசு ஆறிப்போச்சு."

ஆச்சியே தொடர்ந்தார்.

"ஆமா, கடைசி நாளு நீ சடை பின்னிக்கிட்டு இருக்கும்போது, ஒரு பொம்பள வந்து பிள்ளையப் பறிச்சுக்கிட்டுப் போனாளே... முகம் தெரியல. யாரு அவ?"

யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.