ஜாக்கியில் நின்ற ஜீப்

எங்கள் ஜீப்புக்கு ஒரு வியாதி உண்டு. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கம்பி இருக்கும். அதைப் பின்னால் இழுத்துப் போட்டால் முன்சக்கரங்களுக்கும் இழுவை கிடைக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து எந்தச் சேற்றையும் கடந்துவிடும். ஆனால் போட்ட கம்பி நிற்காது. கொஞ்ச தூரம் போனதும் டக்கென்று தானாகக் கழன்றுவிடும். அது கழலுமே தவிர, ஒரு நாளும் தானாக விழுந்து மாட்டிக்கொண்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் இதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

ராணுவம் கழித்துப்போட்ட வண்டி அது. என் வீட்டுக்காரர் ஏலத்தில் எடுத்துவந்தார். எடுத்தது அவர், மாரடித்தது நான். மீசையை முறுக்கிக்கொண்டு மன்னார்குடி கடைத்தெருவில் ஓட்டிப் போவதோடு அவர் வேலை முடிந்தது. கிரீஸ் அடிப்பது, பிளக்கைச் சுரண்டுவது, அடியில் படுத்து எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. ஒரு பொம்பளை ஜீப்புக்கு அடியில் கிடக்கிறாளே என்று என் நாத்தனார் வாயில் போட்டு மென்றாள். மெல்லட்டும், அவளுக்கும் பொழுது போகவேண்டுமே.

கம்பியைப் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்துவிட்டன என்று மெக்கானிக் கழற்றிப் பார்த்துச் சொன்னார். புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. சைக்கிள் கடையிலிருந்து ஒரு குண்டு வாங்கிப் போட்டுப் பார்த்தோம், கொஞ்ச நாள் தாங்கியது. கடைசியில் என் பழைய நூல்புடவையில் ஒரு முழம் கிழித்து, கம்பியைப் பின்னால் இழுத்து சீட்டின் காலோடு கட்டினேன். நின்றுவிட்டது. சேறு வந்தால் கட்டுவேன், தார்ரோடு வந்தால் அவிழ்ப்பேன். இழுத்தால் உடனே அவிழ்கிற மாதிரி சுருக்குத்தான் போடுவேன்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வயலுக்கு வரும் இளவட்டங்கள் என் வீட்டுக்காரரை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். கூலி நெல் கூட்டிக் கேட்டதைவிட அதுதான் இவருக்கு அதிகமாக எரிந்தது. கிழக்கே ஒரு ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு எரித்த கொடுமையை நினைத்து இரண்டு பக்கமும் பயம், இரண்டு பக்கமும் வெறுப்பு. அந்த வருஷம் சம்பா அறுத்து, கட்டெல்லாம் களத்துக்கு வந்த பிறகு கூலித் தகராறில் கதிரடிப்பு நின்றுபோனது. மழை வந்தால் அத்தனையும் முளைத்துவிடும். இவர் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கதிரடிக்கும் மிஷினை வாடகைக்குக் கொண்டுவந்தார். ஜீப்பின் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, அதில் பெல்ட்டைச் சுற்றிவிட்டால், சக்கரம் சுற்றும்போது மிஷினும் சுற்றும்.

களத்துக்குப் போகிற வழியெல்லாம் சேறு. கம்பியைக் கட்டித்தான் வண்டியைக் கொண்டுபோனோம். போனதும் நானே ஜாக்கி வைத்தேன், முன்சக்கரங்களுக்கு முன்னால் செங்கல் கொடுத்தேன், முன்சக்கரங்கள் இழுக்காதபடி துணியை அவிழ்த்துக் கம்பியை முன்னால் தள்ளினேன். துணியை ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டேன்.

அதற்குள் வேலையை நிறுத்தியிருந்த கூலிப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவளை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெரியும். எங்கள் வயலில் முதல் நாற்றை நடுவதும் அவள்தான், முதல் சண்டையைப் போடுவதும் அவள்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஏம்மா, இது ஓடுறப்ப நகருமா?”

“நகராது. ஒரு சக்கரம் அந்தரத்துல நிக்குது பாரு, அது மட்டுந்தான் சுத்தும்” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போனவள், எல்லாப் பெண்களையும் கூட்டி ஜீப்புக்கு நேர் முன்னால், வண்டிக்கும் கதிர்க்கட்டுப் போருக்கும் நடுவில் உட்காரவைத்துவிட்டாள். கூலியைப் பேசி முடிக்காமல் ஒரு கட்டுகூட மிஷினுக்குப் போகாது என்றாள். கெட்டிக்காரி, அதற்காகத்தான் கேட்டிருக்கிறாள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. இவர் கத்திப் பார்த்தார், ஒருத்தியும் அசையவில்லை. இது பேச்சில்தான் முடியும் என்று நினைத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் மொள்ள வாய்க்காலுக்குப் போனேன்.

குடத்தோடு திரும்பும்போது எஞ்சின் உறுமியது. மிஷினை ஓட்டி மிரட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நொடி ஜீப் ஜாக்கியிலிருந்து குதித்தது. பெல்ட் தெறித்துப் பறந்தது. செங்கல் நொறுங்கியது. வண்டி நேராகப் பெண்கள் மேல் போனது. குடம் எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. பெண்கள் இரண்டு பக்கமும் உருண்டார்கள். வண்டி கதிர்ப்போரில் முட்டி அணைந்தது.

ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. என்னிடம் கேட்டுவிட்டுப் போனவள்தான். முன்சக்கரம் அவள் முந்தானை மேல் ஏறி நின்றது. சக்கரத்துக்கும் அவள் தோளுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அடி ஒன்றும் படவில்லை. துணியைப் பிடித்து இழுக்கவும் தோன்றாமல் டயரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இவர் இறங்கினார். பழைய வண்டி, முன்வீல் கம்பி தானாக விழுந்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் கம்பியைத் தள்ளியது போதாமல் அது மறுபடி விழுந்திருக்குமோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

வண்டியைப் பின்னால் எடுக்க நான் ஏறினேன். கம்பியைத் தொடக் கை நீட்டினேன். என் புடவைத்துணி அதில் கட்டியிருந்தது. என் சுருக்கு இல்லை. நெல்மூட்டைக்குப் போடுகிற இறுக்க முடிச்சு, இரண்டு முடிச்சு.

இந்த மனுஷனோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்? ரிவர்ஸ் போட்டு வண்டியை எடுத்தேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.

மத்தியானம் போலீஸ்காரர் வந்தார். சங்கத்துக்காரர் வந்தார், ஆளுங்கட்சிக் கரைவேட்டிக்காரரும் வந்தார். கம்பி தானாக விழுந்த கதையை இவர் மறுபடியும் சொன்னார். பழைய வண்டிதானே என்று கரைவேட்டிக்காரரும் ஒத்து ஊதினார். அப்போது அவள் வாயைத் திறந்தாள். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை.

“நகராதுன்னு அம்மா சொன்னாங்க. அதான் உக்காந்தோம்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“அது தானா கழலும். தானா விழாது” என்றேன். “கட்டினாத்தான் நிக்கும். நான் அவுத்துட்டுத்தான் தண்ணிக்குப் போனேன். முடிச்சு இன்னும் வண்டியிலதான் இருக்கு, போயிப் பாருங்க.”

போலீஸ்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கேஸ் ஆகாமல் கரைவேட்டிக்காரர் பார்த்துக்கொண்டார், அவர் பிழைப்பு அது. ஆனால் அன்றே கூலி ஏறியது, மிஷின் திரும்பிப் போனது. மழைக்கு முன்னால் அந்தப் பெண்களும் அவர்கள் வீட்டு ஆண்களும் வந்து நெல்லை அடித்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் இவர் என்னை விடவில்லை. “சும்மா பயமுறுத்தத்தான் பாத்தேன். ஊர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே” என்றார்.

“அவங்க ஒங்கள நம்பி உக்காரலங்க. என்னை நம்பி உக்காந்தாங்க” என்றேன்.

அவள் தொடர்ந்து வேலைக்கு வந்தாள். என்னிடம் சிரித்துப் பேசுவாள், வெற்றிலை கேட்டு வாங்கிக்கொள்வாள். ஆனால் ஜீப் நின்றால் அதன் முன்னால் நடக்கமாட்டாள். எஞ்சின் அணைந்து சாவி என் இடுப்பில் இருந்தாலும், சேற்றில் இறங்கிப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். நான் உண்மையைச் சொன்னேன்தான். அதனால் ‘நகராது’ என்ற என் பழைய வார்த்தைக்கு உயிர் வந்துவிடவில்லை.

ஒரு நாள் இவர் வண்டியைக் கிளப்பி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். கொடியில் காயும் துணியை எடுக்க நான் வண்டியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகவேண்டும். போய் எடுத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் கவனித்தேன், போகும்போதும் வரும்போதும் நான் வண்டிக்குப் பின்னால் சுற்றித்தான் நடந்திருக்கிறேன். இவர் வண்டிக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.