புற்றை வலம் வந்த கண்ணாடி இழை

சுடராகவும் சுடருக்குள் நிழலாகவும் நிற்கும் பெருமானே, மலைக்கும் சமவெளிக்கும் ஒரே முகம் காட்டுபவனே, அடியேன் செய்த அசட்டுத்தனத்தை மறைக்காமல் எழுதி முடிக்க என் கைக்குத் துணை நின்றருள்க.

தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி கூடிய வியாழக்கிழமை. நாள் குறித்துக் கொடுத்தவன் நானே. ஆகவே அன்று நடந்த எதற்கும் பஞ்சாங்கத்தின் மீது பழிபோட எனக்கு வழியில்லை.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் தொலைபேசிக் கம்பித் தடங்களை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் பதிகம், பகலில் கம்பம், மாலையில் மறுபடியும் பதிகம் என்று என் காலம் கழிந்தது. கைபேசி வந்தது, செம்புக் கம்பி செத்தது. தனியார் கம்பெனிகள் ஜன நெருக்கமுள்ள ஊர்களாகப் பார்த்துக் கோபுரம் நட்டன. வீடுகள் சிதறிக் கிடக்கும் கல்வராயன் மலைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பிறகு அரசு முன்வந்து, தன் செலவில் ஊராட்சி அலுவலகம் வரை இணையத்துக்கான கண்ணாடி இழையை இழுத்துவிட்டது. அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோகும் வேலையை உள்ளூர்க் கேபிள்காரர்கள் கேட்டுப் பெறலாம் என்றது. அதுவரை வேண்டாம் என்று ஒதுக்கிய மலையைப் பெரிய கம்பெனிகள் மறுநாளே காதலிக்கத் தொடங்கின.

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் டிவி கேபிள் நடத்திவந்த பாய், அந்த மலைத் தடங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கியிருந்தார். ஜனங்கள் படத்தையெல்லாம் கைபேசியிலேயே பார்க்கத் தொடங்கியதால் அவருடைய டிவி இணைப்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. மிஞ்சியிருந்த பிழைப்பு இது ஒன்றுதான். அதற்கும் ஒரு நிபந்தனை. நான் குறித்துக் கொடுத்த அந்த நாளில் மாவட்ட அதிகாரி வந்து பார்க்கும்போது மலையூர் ரேஷன் கடையில் இணைப்பு வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தடம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விடும்.

“அய்யா, நீங்க வந்து ஒரு பார்வ பாத்தா போதுங்க. உங்களுக்குத் தெரியாத கம்பியா?” என்றார் பாய்.

அந்தக் கடைசிச் சொற்களில் நான் விழுந்தேன். அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்பே மலை ஏறிவிட்டேன்.

ஊராட்சி அலுவலகத்துக்கும் ரேஷன் கடைக்கும் நடுவில், வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றிய புற்று ஒன்று இருந்தது. பாயிடம் வேலை செய்யும் தியாகதுருகத்துப் பெண் டெக்னீஷியன், இழையை நேராகக் கொண்டுபோகலாம் என்றாள். நான் விடவில்லை. அம்மன் சன்னிதியைக் கடக்கும் எதுவும் வலம் வந்துதான் கடக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். பாய் மறுபேச்சில்லாமல் தலையசைத்தார். இழை புற்றைச் சுற்றியது.

அவள் அலுவலகத்துப் பக்கம் போகும்போது, “அய்யா, ஜாஸ்தி வளைக்காதீங்க” என்றாள்.

“உங்க அப்பா தவழும்போதே நான் கம்பம் ஏறினவன் அம்மா,” என்றேன்.

மிச்சமிருந்த இழையை வளையல் அளவுக்குச் சுருட்டி, கயிற்றால் இறுக்கி, வேப்பங்கிளையில் என் கையாலேயே கட்டினேன். செம்புக்கு அப்படித்தான் கட்டுவோம். எட்ட நின்று அழகு பார்த்ததும் உண்டு.

பஞ்சமி அன்று காலை, ரேஷன் கடையிலிருந்த இணைப்புப் பெட்டியில் பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு சிமிட்டியது. அதிகாரியின் ஜீப் மலையடியைத் தாண்டிவிட்டதாகத் தகவல் வந்தது. பாயின் உதடுகள் ஓசையின்றிப் பிரார்த்தனையில் அசைந்தன. டெக்னீஷியன், அலுவலக முனையில் பேனா போன்ற ஒரு விளக்கைப் பொருத்தப்போவதாகவும், பழுதுள்ள இடம் சிவப்பாகத் தெரியும் என்றும் சொல்லிவிட்டு ஓடினாள். பாயும் நானும் இழையைப் பார்த்தபடி நடந்தோம்.

வேப்பநிழலில் என் சுருள் குங்குமமாய் ஒளிர்ந்தது.

“அம்மா வந்துட்டாடீ!” என்று ரேஷன் வரிசையில் நின்ற ஒரு மலைக்காரப் பெண் கத்தினாள். குலவை எழுந்தது. பழுதைத் தேடி வந்தவன் அதை மறந்தேன். கைகூப்பினேன், கண்ணீர் வந்தது, உரத்த குரலில் ஒரு பதிகமே பாடிவிட்டேன். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

மூச்சிரைக்க ஓடிவந்த டெக்னீஷியன், “அய்யா, அது சாமி இல்லீங்க. நீங்க கட்டுன கட்டுலேர்ந்து வெளிச்சம் ஒழுவுது. இதுல ஓடறதே வெளிச்சந்தாங்க, இறுக்கி வளைச்சா வெளிய கொட்டிடும்,” என்றாள்.

எழுபது வயது வரை ஒளியைப் பாடியவனுக்கு, அது இறுக்கமான திருப்பத்தில் தங்காது என்பது தெரியாமல் போயிற்று.

அவள் கட்டை அவிழ்க்கக் கை நீட்டினாள். பெண்கள் மறித்துக்கொண்டார்கள். “அம்மா எறங்கியிருக்கற எடத்துல கைய வெப்பியா நீ?” ஜீப்பின் ஓசை கீழ் வளைவில் கேட்டது. பாய் என்னைப் பார்த்தார். பதிகம் பாடிச் சாமியாக்கியவன்தான் இறக்கியாக வேண்டும்.

“அம்மா இல்லை. தப்பாகக் கட்டியவன் நான். அதுதான் சிவப்பாகத் தெரிகிறது,” என்றேன்.

முதலில் கத்திய பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இன்னா சாமி, அப்ப இவ்ளோ நேரம் நீ கட்டுன கயித்தயா கும்புட்டுக்கினு நின்னோம்?”

சிரிப்பு மலையில் மோதித் திரும்பியது. என் முடிச்சோ விரலுக்கு இளகவில்லை. பதிகம் பாடிய வாயால் கயிற்றைக் கடித்து அவிழ்த்தேன். சுருளை முறம் அளவுக்கு அகலமாக்கித் தொங்கவிட்டாள் டெக்னீஷியன். புற்றைச் சுற்றிய வலம் அகலமாகவே இருந்ததால் அதை விட்டுவைத்தாள். ஓடிப்போய் விளக்கைக் கழற்றி இழையை மாட்டியதும் பெட்டியில் பச்சை எரிந்தது.

அதிகாரி முன்னால், முதலில் கத்திய அதே பெண் விரல்ரேகை வைத்து அரிசி வாங்கினாள். அவர் காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு, வாயில் கயிற்று நாரோடு நின்ற என்னைக் காட்டி, “இவர் யார்?” என்றார்.

“பழைய லைன் சூப்பர்வைசருங்க. அவரு அவுக்கலன்னா இன்னிக்கு இது எரிஞ்சிருக்காதுங்க,” என்றார் பாய்.

அடுத்த ஊர்த் தடத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். “வாங்க அய்யா, பாடுங்க. கைய மட்டும் பின்னால கட்டிக்கினு நில்லுங்க.”

இதைப் படித்தவர், படிக்கக் கேட்டவர், படித்துச் சிரித்தவர் அனைவருக்கும் வீட்டு விளக்கு சிந்தாமல் எரிக. அவர்கள் போட்ட தவறான முடிச்சுகள், பல்லுக்கு வேலை வைக்காமல் விரலுக்கே இளகுக. வாழ்க, வளம் பெறுக.