டப்பாவிலிருந்து எடுத்தது

என் சின்னக்காவைச் சொந்தத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊசி என்றால்தான் தெரியும். முப்பது வருடமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையிலிருக்கும் ஊசியைவிட வாயிலிருப்பது கூர்மை. யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகை வருகிறதோ இல்லையோ, "அவசர டப்பாவ நீதான் கொண்டு வரணும்" என்று போன் வந்துவிடும். பழைய பிஸ்கட் டப்பாவில் ஊக்கு, நூல், பிளாஸ்டர், தலைவலி மாத்திரை, செருப்பு ஒட்டும் பசை எல்லாம் அடுக்கி, மூடியில் பட்டியலும் ஒட்டியிருப்பாள். ஒரு மாத்திரை இடம் மாறினாலும் ஆளைத் தின்றுவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெரியக்கா மகள் கல்யாணத்தன்று காலை, அந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே சண்டை வெடித்தது. பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. மூச்சு முட்டினால் வாயில் வைத்து அழுத்தும் பம்ப் டப்பாவில் மேலாக இருந்தது.

"அத எடுத்துடு. சம்பந்தியம்மா ரூமுக்கு வந்து வந்து போறாங்க. கண்ணுல பட்டா என்ன ஆகும்?" என்றாள் பெரியக்கா.

"சொல்லாமயா கட்டிக் கொடுக்கிற? வெக்கமா இல்ல உனக்கு?"

"என் பொண்ணு நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கலடி."

"ஆமா, பொறுக்காமதான் மருந்து வாங்கிட்டு வந்தேன்! அது அங்கதான் இருக்கும். தொட்டுப் பாரு, நடக்கிறதே வேற."

சனியன்கள். நல்ல நாளும் அதுவுமாகக் குழாயடிச் சண்டை! சின்னக்கா கை கழுவப் போன நேரம் பார்த்து, பெரியக்கா பம்பை எடுத்து என் சட்டைப்பையில் திணித்தாள். "கார்ல வச்சுட்டு வாடா. அவகிட்ட சொல்லாத." கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. வைத்துவிட்டு வந்தேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறியபோது, படம் நன்றாக வரட்டுமென்று போட்டோக்காரன் புகை மெஷினைத் திறந்துவிட்டான். பெண் இருமினாள். முதலில் சிரித்துச் சமாளித்தாள். பிறகு தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன; உதடு நீலம் பாய்ந்தது. சின்னக்கா ஓடிவந்து டப்பாவைத் திறந்தாள். துழாவினாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். மேடை முழுக்க ஊக்குகள்.

"பம்ப் எங்க?"

மண்டபமே திரும்பியது. பெரியக்கா என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன்.

திரும்பி வரும்போது, பெண்ணை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, "மெதுவா, கண்ணு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் சின்னக்கா. பம்பை என் கையிலிருந்து பிடுங்கி அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெண்ணின் முகத்தில் நிறம் திரும்பியது. சம்பந்தியம்மா பெரியக்காவை வைத்த கண் வாங்காமல் முறைத்துக்கொண்டிருந்தார்.

சின்னக்கா இப்போது பெரியக்காவை நார் நாராகக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. என்னிடம் வந்தாள்.

"நீயா கொண்டு போய் வச்ச?"

"பெரியக்காதான் சொன்னா."

"கல்யாணம் நின்னுடுமோன்னு அவளுக்குப் பயம். உனக்கு என்னடா பயம்?"

வீண் சண்டை எதற்கு என்றுதான் கொண்டு போய் வைத்தேன். குனிந்து மேடையில் கிடந்த ஊக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். பெண் இன்னும் இழுத்து இழுத்துத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.