பன்னீர்ப் போத்தலில் ஒட்டிய காகிதம்

கழுவிக் காயவைத்த பன்னீர்ப் போத்தல். அதன் பக்கவாட்டில், ஒரு வேளைக்கு எவ்வளவு மருந்து என்று காட்ட, ஓரத்தைப் பல்லுப் பல்லாக வெட்டி ஒட்டிய வெள்ளைக் காகிதம். ஐம்பதுகளில் கல்முனைப் பக்கத்து ஆசுபத்திரி ஒன்றில் மருந்து கலந்து கொடுத்த நான்தான் அந்தக் காகிதத்தை வெட்டினேன். போத்தல் மருதமுனை நெசவுக்காரப் பெண் ஒருத்தியுடையது. அவளுக்கு வலிப்பு நோய்.

அப்போதிருந்த பெரிய டொக்டர் கெட்டிக்காரர். கதைக்கத்தான் அவருக்கு நேரமில்லை. மூன்று வேளையும் குடி, நிறுத்தினால் திரும்ப வரும் என்பார், தலை நிமிராமல். அவள் “ஓம் ஐயா” என்பாள். எட்டு மாதம் வலிப்பே வரவில்லை. நோன்பு மாதத்தின் நடுவில், கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தாள். தறியில் நாடா ஓட்டும் வலக்கை வெந்துபோயிற்று. ஏன் மருந்தை நிறுத்தினாய் என்று கேட்காமலே டொக்டர் ஏசினார். அதற்கும் “ஓம் ஐயா” என்றாள். சொல் கேளாதவள் என்று நானும் மனதுக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுவருடம் வேறொரு டொக்டர் வந்தார். அவளுடைய கைத்தழும்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த மருந்தக் குடிக்கிறதில உங்களுக்கு என்ன கஷ்டம், தங்கச்சி?”

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நோம்போட பகல் மருந்த எப்பிடிக் குடிக்கிற ஐயா? ஒண்டு தவறினா மத்ததும் பலிக்காதெண்டு எல்லாத்தையும் உட்டுட்டன்.”

டொக்டர் ஏசவில்லை. மருந்தை இரண்டு வேளையாக மாற்றி, மாலையில் நோன்பு துறந்ததும் ஒன்று, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு ஒன்று என்றார். ஒரு வேளை தவறினாலும் மற்றது வேலை செய்யும் என்று விளக்கி, அவள் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்தார். பிறகு என்னிடம் புதுக் காகிதம் வெட்டச் சொன்னார். வெட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் விழுந்த அந்த மாதம் நானும் நோன்பு பிடித்தவன்தானே! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதன்பின் நான் அங்கிருந்த ஒன்பது வருடமும் அந்தப் போத்தல் மருந்துக்கு வர ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

இப்போது எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. போன கிழமை கிளினிக்கில் இளம் டொக்டர், எழுதிக்கொண்டே, மூன்று வேளைக் குளிசை என்றார். பாவம், அவருக்கும் களைப்பு. வெளியே நீண்ட வரிசை. நோன்புக்கு இன்னும் பத்து நாள்தான். கேட்க நினைத்தேன். “ஓம் டொக்டர்” என்று எழும்பி வந்துவிட்டேன்.

வாசலில் செருப்பைப் போடும்போது அந்தப் பன்னீர்ப் போத்தல் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.